'ப்ரீ-எக்ஸிஸ்ட்' என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருள் கொள்ளவும் பயன்படுத்தவும் ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆங்கில ஆவணங்களைப் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் 'ப்ரீ-எக்ஸிஸ்ட்' என்ற வினைச்சொல்லை ஏதேனும் ஒரு வடிவத்தில் சந்திக்கவே செய்வார்கள். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் அது வரும். சொத்து வழக்கின் தீர்ப்பு நகலில் வரும். ஓசூர் ஆலைகளோடு வேலை பார்க்கும் சிறு ஒப்பந்ததாரர் கையெழுத்திடும் படிவத்திலும், வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் ஆங்கிலப் பகுதியிலும் வரும். பெரும்பாலோர் 'முன்பு இருத்தல்' என்று ஓரத்தில் பொருள் எழுதிக்கொண்டு அதைக் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடந்துவிடுவதால் சில இடங்களில் பொருள் நேர்மாறாகிவிடுகிறது என்பதாலேயே இச்சொல்லைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறேன்.

இச்சொல்லின் அடிப்பகுதியான 'எக்ஸிஸ்ட்' என்பதற்கு 'இரு', 'உள' என்று பொருள். அதன் முன்னால் ஒட்டியிருக்கும் 'ப்ரீ' லத்தீன் மொழியிலிருந்து வந்த முன்னொட்டு; 'முன்' என்று பொருள்படும். ஆக, ஒன்று தோன்றுவதற்கு அல்லது நிகழ்வதற்கு முன்பே மற்றொன்று இருந்தது என்பதே இவ்வினையின் பொருள். இங்கே எப்போதும் இரண்டு விஷயங்கள் உள்ளன: முன்னரே இருந்தது ஒன்று, பின்னர் வந்தது ஒன்று. பின்னர் வந்தது வாக்கியத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் இருக்கலாம். ஆனால் இல்லாமல் இருக்காது. ஆகவே இச்சொல்லைக் கண்டவுடன் 'எதற்கு முன்?' என்று கேட்டு, அதற்கு விடை கிடைத்த பிறகே அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். இந்த வழிகாட்டியில் பின்னால் வரும் அனைத்தும் இந்தக் கேள்வியையே சார்ந்தவை.

நம் ஊரிலிருந்தே எளிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம். தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. இப்போது 'த டவுன் ஆஃப் கிருஷ்ணகிரி ப்ரீ-எக்ஸிஸ்டட் த டிஸ்ட்ரிக்ட்' என்று எழுதினால், கிருஷ்ணகிரி என்னும் மாவட்டம் உருவாவதற்கு முன்பே கிருஷ்ணகிரி என்னும் நகரம் இருந்தது என்று பொருள். 'எதற்கு முன்?' என்ற கேள்விக்கு விடை வாக்கியத்திலேயே செயப்படுபொருளாக நிற்கிறது. மலைக்கோட்டையும் கடைவீதியும் கொண்ட பழைய ஊர் அது என்பதை அறிந்தவர்களுக்கு இவ்வாக்கியம் உடனே விளங்கும்.

முன்னரே இருந்தது இன்றும் இருக்கிறதா என்பதைப் பற்றி இவ்வினை எதுவும் சொல்வதில்லை என்பது அடுத்து மனத்தில் கொள்ள வேண்டியது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபோது அதன் நீர்ப்பரப்பில் பல ஊர்கள் மூழ்கின. தருமபுரி மாவட்டத்தின் நாகமரைக்கு எதிர்க்கரையில் உள்ள பண்ணவாடியில், நீர்மட்டம் வெகுவாகக் குறையும் காலங்களில் பழைய நந்தி சிலையும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். 'தீஸ் வில்லேஜஸ் ப்ரீ-எக்ஸிஸ்டட் த டேம்' என்பது உண்மையான, இலக்கணப் பிழையற்ற வாக்கியம். அந்த ஊர்கள் இன்று இல்லை. கிருஷ்ணகிரி நகரமோ இன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வினை பொருந்துகிறது. இன்று இருக்கிறதா இல்லையா என்பதைச் சூழலிலிருந்துதான் அறிய வேண்டும்.

ஆனால் இதே சொல் பெயரடையாக, அதாவது 'ப்ரீ-எக்ஸிஸ்டிங்' என்ற வடிவில் வரும்போது நிலைமை மாறுகிறது. அன்றாட ஆங்கிலத்தில் வினையைக் காட்டிலும் இந்தப் பெயரடையே மிகுதியாக வழங்குகிறது. பின்னர் வந்தது வந்து சேர்ந்த அந்த நேரத்தில் முன்னதும் இருந்துகொண்டிருந்தது என்னும் குறிப்பு இவ்வடிவத்தில் வலுவாக உண்டு. 'ப்ரீ-எக்ஸிஸ்டிங் க்ராக்' என்றால், குடியிருப்பவர் வீட்டுக்குள் வந்த நாளில் சுவரில் ஏற்கெனவே இருந்த வெடிப்பு. அவ்வெடிப்பு ஒரு காலத்தில் இருந்து, அவர் வருவதற்குள் பூசி மறைந்துபோயிருந்தால் அதை இச்சொல்லால் குறிக்க மாட்டார்கள்.

தமிழாக்கத்தில் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என்னிடம் விளக்கம் கேட்டார். படிவத்தின் தமிழ்ப் பகுதியில் 'முன்பிருந்த நோய்களின் விவரம்' என்று அச்சாகியிருந்தது. அவர் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். "முன்ன இருந்த நோய்னா இப்ப இல்லாததுதானே தம்பி? எனக்குச் சக்கரை இப்பவும் இருக்குதே, அத எப்படி இதுல எழுதறது?" என்று கேட்டார். அவர் புரிந்துகொண்ட தமிழ் முற்றிலும் சரியானது. பிழை படிவத்தில் இருந்தது. முன்பிருந்த பேருந்து நிலையம், முன்பிருந்த தலைமையாசிரியர் என்றெல்லாம் நாம் சொல்லும்போது, அவை இப்போது இல்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலப் பகுதியோ இப்போதும் இருக்கும் நோயைத்தான் முதன்மையாகக் கேட்டது. அந்தக் கட்டத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தால், பின்னர் மருத்துவமனைச் செலவைக் கோரும்போது உண்மையை மறைத்தவராகக் கருதப்பட்டிருப்பார்.

'முன்பு இருந்த' என்பதற்கும் 'முன்பே இருந்த' என்பதற்கும் இடையில் ஓர் ஏகாரம்தான் வேறுபாடு. ஆனால் அந்த ஏகாரம் பொருளையே மாற்றிவிடுகிறது. 'முன்பு இருந்த மரம்' என்றால் வெட்டப்பட்ட மரம். 'சாலை போடுவதற்கு முன்பே இருந்த மரம்' என்றால், சாலையைக் காட்டிலும் மூத்த மரம். அது இன்றும் நிற்கலாம். தமிழ் விவிலியத்தில் ஆபிரகாமுக்கு முன் தாம் இருப்பதாக இயேசு கூறும் இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் 'முன்னமே' என்று ஏகாரமும் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலமும் இட்டிருக்கிறார்கள். இறையியலார் 'ப்ரீ-எக்ஸிஸ்டன்ஸ்' என்று பெயரிட்டு விவாதிக்கும் கருத்தை, ஒரு புதுச்சொல்லும் ஆக்காமல் எளிய தமிழில் கொண்டுவந்த அழகான முறை அது. நம் படிவங்களுக்கும் இதே வழி போதும். 'ஏற்கெனவே உள்ள நோய்கள்', 'பாலிசி தொடங்கும் முன்பே இருந்துவரும் நோய்கள்' என்பவை தெளிவானவை. இரண்டாவது தொடர் நீளமானது என்றாலும், 'எதற்கு முன்?' என்பதற்கு விடையையும் சேர்த்துத் தருவதால் அதையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். 'முந்தைய நோய்கள்' என்பதைத் தவிர்க்க வேண்டும். 'முந்தைய' என்ற சொல், வரிசையில் முன்னதாக வந்து இடத்தை விட்டு நகர்ந்துவிட்ட ஒன்றைக் குறிப்பது.

காப்பீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியபின் அதன் நடைமுறைப் பொருளையும் சொல்லிவிடுவது பயனுடையது, ஏனெனில் நம் பகுதியில் இச்சொல் மிகுதியாகப் பணத்தோடு தொடர்புபடும் இடம் அதுதான். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது சிகிச்சையோ மருத்துவ ஆலோசனையோ பெற்ற, அல்லது அவற்றைப் பெறுமாறு பரிந்துரைக்கப்பட்ட நோய், காயம், உடல்நிலைக் குறை ஆகியவையே 'ப்ரீ-எக்ஸிஸ்டிங் டிஸீஸ்' ஆகும். அத்தகைய நோய்க்கான செலவைத் தராமல் நிறுவனம் காத்திருக்க வைக்கக்கூடிய காலம் முன்பு அதிக அளவாக 48 மாதங்களாக இருந்தது. அந்த விதிகள் அதை 36 மாதங்களாகக் குறைத்தன. தொடர்ச்சியாக 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்த பிறகு, மோசடி நிறுவப்பட்டால் ஒழிய, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது; முன்பு இது 96 மாதங்களாக இருந்தது. இந்த வரையறை முழுவதும் 'எதற்கு முன்?' என்ற ஒரே கேள்வியில் தங்கியிருப்பதைக் கவனியுங்கள். நோய் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் இருந்ததா என்பது இங்கே கேள்வி அன்று. பாலிசி தொடங்கிய நாளுக்கு முன் இருந்ததா என்பதே கேள்வி. படிவம் அதைவிடப் பழைய நோய்களையும் கேட்டிருந்தால், கேட்டவற்றுக்கு உள்ளபடியே விடை எழுதுவதுதான் பாதுகாப்பு.

சட்ட ஆங்கிலத்திலும் இச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. 'ப்ரீ-எக்ஸிஸ்டிங் ரைட்' என்ற தொடர் இந்தியாவில் ஒரு பெண்ணின் சொத்துரிமையையே தீர்மானித்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. முதலாவது, இந்துப் பெண் வசமுள்ள சொத்தை அவருக்கு முழு உரிமையாக்குகிறது. இரண்டாவது, கொடை, உயில், நீதிமன்ற ஆணை போன்றவற்றின் வழியே வரையறுக்கப்பட்ட உரிமையாகவே தரப்பட்ட சொத்துக்கு விலக்களிக்கிறது. துளசம்மா என்ற கைம்பெண், கணவரின் குடும்பத்தாரோடு செய்துகொண்ட சமரசத்தில் ஜீவனாம்சத்துக்காகச் சில சொத்துகளைப் பெற்றார். வாழ்நாள் வரை அனுபவிக்க மட்டுமே உரிமை என்று அந்தச் சமரசம் கூறியது. 1977இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் பெறும் உரிமை அவருக்குச் சமரசத்துக்கு முன்பே இந்துச் சட்டத்தின்படி இருந்தது, சமரசம் அதை அங்கீகரித்ததே தவிரப் புதிதாகப் படைக்கவில்லை, ஆகவே அவர் முழு உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. உரிமை ஏற்கெனவே இருந்ததா, ஆவணத்தால் பிறந்ததா என்ற ஒரு வேறுபாட்டின் மேல் வழக்கு முழுவதும் நின்றது. இத்தொடரை 'முந்தைய உரிமை' என்று மொழிபெயர்ப்பவர், முடிந்துபோன உரிமை என்ற எண்ணத்தை ஏற்படுத்தித் தீர்ப்பின் உயிரையே எடுத்துவிடுகிறார். 'முன்னரே இருந்துவரும் உரிமை' என்று எழுத வேண்டும்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒப்பந்தச் சட்டத்தில் 'ப்ரீ-எக்ஸிஸ்டிங் ட்யூட்டி' என்பதையும் சந்திப்பார்கள். 1809இல் இங்கிலாந்தில் நடந்த ஸ்டில்க் எதிர் மைரிக் வழக்கு அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. பயணத்தின் நடுவில் மாலுமிகள் இருவர் கப்பலை விட்டு ஓடிவிட, அவர்களுடைய ஊதியத்தை மற்றவர்களுக்குப் பகிர்ந்து தருவதாகக் கப்பல் தலைவர் வாக்களித்தார். கப்பலைக் கரை சேர்ப்பது அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமை என்பதால் அந்த வாக்குறுதி செல்லாது என்று முடிவாயிற்று. இங்கு பின்னர் வந்தது வாக்குறுதி. அதற்கு முன்பே இருந்தது கடமை.

தத்துவ நூல்களில் இவ்வினை 'இன்' என்ற முன்னிடைச்சொல்லோடு சேர்ந்து வருவதுண்டு. 'தி எஃபெக்ட் ப்ரீ-எக்ஸிஸ்ட்ஸ் இன் த காஸ்' என்ற வாக்கியம் நமக்கு அந்நியமானது அன்று. சாங்கியம் என்னும் பழைய இந்தியத் தத்துவப் பள்ளியினரின் சற்காரியவாதம் என்ற கொள்கையை ஆங்கிலத்தில் விளக்குவோர் எழுதுவது இதுவே. காரியம் காரணத்தில் முன்னரே உளது என்பது அதன் தமிழ். எள்ளை ஆட்டினால் எண்ணெய் வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை. ஆகவே எண்ணெய் எள்ளில் முன்பே இருந்தது என்பது அவர்கள் காட்டும் சான்று. சைவ சித்தாந்தமும் இதை ஏற்கிறது. நியாயம், வைசேடிகம் என்னும் வேறு தத்துவப் பள்ளியினர் மறுக்கின்றனர். 'எதற்கு முன்?' என்று இங்கே கேட்டால் கிடைக்கும் விடை சற்று வியப்பானது: எண்ணெய், தான் வெளிப்படுவதற்கு முன். முன்னரே இருந்ததும் பின்னர் வந்ததும் ஒரே பொருளின் இரு நிலைகள். பொதுவான கொள்கையைக் கூறுவதால் வினை நிகழ்காலத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். 'உயிர் உடலுக்கு முன்பே இருக்கிறது' என்ற பிளேட்டோவின் கொள்கையைச் சொல்லும்போதும் ஆங்கிலத்தில் நிகழ்காலமே வரும்.

இனி இச்சொல்லை நீங்களே எழுதும்போது கவனிக்க வேண்டியவை. இவ்வினை செயப்படுபொருளோடும் வரும், செயப்படுபொருள் இன்றியும் வரும். செயப்படுபொருள் வரும்போது அது வினையை அடுத்து நேரடியாக நிற்க வேண்டும். இடையில் 'டு' அல்லது 'பிஃபோர்' சேர்ப்பது நம் மாணவர்களிடம் மிகுதியாகக் காணும் பிழை. தமிழில் 'அணைக்கு முன்' என்று உருபு தேவைப்படுவதால் ஆங்கிலத்திலும் ஒன்றைத் தேடுகிறோம். அந்த வேலையை 'ப்ரீ' என்ற முன்னொட்டே செய்துவிடுகிறது. அதே காரணத்தால் 'ஆல்ரெடி ப்ரீ-எக்ஸிஸ்டிங்' என்பதும் கூறியது கூறல் ஆகும். 'வாஸ் ப்ரீ-எக்ஸிஸ்டட் பை' என்று செயப்பாட்டு வினையாக்குவது இயல்பான ஆங்கிலம் அன்று. இருத்தலைக் குறிக்கும் வினை ஆதலால் 'இஸ் ப்ரீ-எக்ஸிஸ்டிங்' என்று தொடர்நிகழ்வுக் காலத்தில் வினையாக வழங்குவதும் இல்லை.

செயப்படுபொருள் இன்றி எழுதும்போது, பின்னர் வந்தது எது என்பதை அருகிலுள்ள வாக்கியமாவது சொல்லியிருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததும் நாம் அறிந்தவை. இதைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதும்போது 'த ஃப்ளூரைடு ப்ரீ-எக்ஸிஸ்டட்' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தவிப்பார். ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, 'த ஃப்ளூரைடு ப்ரீ-எக்ஸிஸ்டட் இன் த ராக்' என்று அடுத்து எழுதினால், கிணறு வெட்டுவதற்கு முன்பே அது பாறையில் இருந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கும்.

இவ்வினையோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்களையும் பிரித்தறிய வேண்டும். 'ப்ரீடேட்' என்பது காலத்தால் முற்பட்டது என்பதை மட்டும் சொல்லும். நிகழ்ச்சிகளுக்கும் வழக்கங்களுக்கும் அது பொருந்தும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பயன்பாட்டுச் சான்றின் காலம் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அங்கு நிலவிய இரும்புப் பயன்பாடு சங்க காலத்துக்கு முற்பட்டது என்று சொல்ல 'ப்ரீடேட்' சரியான வினை. பயன்பாடு என்பது ஒரு வழக்கம், நிலைத்து நிற்கும் பொருள் அன்று. தகடூர் என்ற பெயர் தருமபுரி என்ற பெயருக்கு முற்பட்டது என்பதற்கும் அதுவே. 'ப்ரிஸீட்' என்பதோ வரிசையைக் குறிக்கும். மாந்தோப்பில் பூ முன், காய் பின். அந்த ஒழுங்கைச் சொல்ல 'ப்ரிஸீட்' வேண்டும். பூவைப் பற்றி 'ப்ரீ-எக்ஸிஸ்ட்' என்று எழுதினால், காய்க்கும் பூவுக்கும் தொடர்பே இல்லை, பூ தற்செயலாக முன்பே அங்கே இருந்தது என்பதுபோல் ஒலிக்கும்.

எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ் வழக்கம் 'ப்ரீ' என்பதற்குப் பின் சிறுகோடு இடுகிறது. இரண்டு 'இ' எழுத்துகள் அடுத்தடுத்து வருவதால் படிப்பவர் தடுமாறாமல் இருக்க அது உதவுகிறது. அமெரிக்க வழக்கில் கோடின்றிச் சேர்த்தே எழுதுகின்றனர். நம் ஊர்ப் பாடநூல்களும் நீதிமன்ற ஆவணங்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் கோட்டோடு எழுதலாம். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. ஒலிக்கும்போது அழுத்தம் கடைசி அசையான 'ஸிஸ்ட்' என்பதில் விழும். 'ப்ரீ' என்பதும் நெடிலாகத் தெளிவாக ஒலிக்கப்பட வேண்டும்.